உடன் செல்லாதவர்

04.03.2025, செவ்வாய்

மாலையில் வினுசா மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து விண்ணப்பத்தை நிரப்பினாள். என் மனைவி பாலேஸ்வரி பிரதான விண்ணப்பதாரி. இளைய மகள் வினுசா, இருபது வயது, தாயில் தங்கியிருக்கும் பிள்ளை. இவர்களைக் கனடாவுக்குக் கூப்பிடுகிறவள் மூத்தவள் தனுசியா. உத்தரவாதத்தில் அவளுடைய கணவனும் கையொப்பமிட்டிருக்கிறான். மிஞ்சியவன் நான்.

"அப்பா, நீங்கள் வாறியளோ இல்லையோ?"

இந்தக் கேள்விக்கு நான் நவம்பர் மாதத்திலிருந்து ஆயத்தமாக இருந்தேன். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடங்கள் இருக்கின்றன. மருமகனின் சம்பளத்தில் தங்கி ஒரு குளிர்தேசத்தில் பேரப்பிள்ளையின் வண்டில் தள்ளும் உத்தேசம் எனக்கில்லை. இவ்வாறு ஐந்து காரணங்கள், ஒழுங்குபடுத்தப்பட்டவை.

"இல்லை" என்றேன், முதலாவதைத் தொடங்கும் நோக்குடன்.

அவள் திரையில் ஒரு கட்டத்தை அழுத்தினாள். "உடன் செல்லாதவர்" என்று வாசித்தாள். பிறகு, "அம்மா, உங்கடை உயரம் எத்தினை?"

ஐந்து காரணங்களும் என்னிடமே இருக்கின்றன.

06.03.2025, வியாழன்

போகாதவனுக்கும் விடுதலை இல்லை என்று இன்று அறிந்தேன். உடன் செல்லாத கணவனும் பொலிஸ் நற்சான்றிதழ் பெறவேண்டும். கொழும்புக்குப் போய் நெஞ்சைப் படம் எடுப்பிக்கவேண்டும். நான் மறுத்தால் என்னோடு சேர்ந்து அவர்கள் இருவரது விண்ணப்பமும் விழும்.

"போகாத ஆளின்ரை நெஞ்சிலை அவையளுக்கு என்ன வேலை?" என்று கேட்டேன்.

"பிறகு மனம் மாறி நீங்களும் வந்தால், அப்பா? அதுக்குத்தான்."

"மாறாது."

"அவையளுக்கு உங்களைத் தெரியாதுதானே" என்றாள் வினுசா. தாயும் மகளும் சிரித்தார்கள்.

பொலிஸ் விண்ணப்பத்தில் இதுவரை வசித்த முகவரிகளைக் கேட்டிருந்தார்கள். பதினொன்று வந்தது. அவற்றில் ஆறு, தொண்ணூற்றைந்து ஒக்டோபருக்கும் அடுத்த சித்திரைக்கும் இடைப்பட்ட இடப்பெயர்வுக் காலத்தவை. தென்மராட்சியில் ஒரு பாடசாலையின் மூன்றாம் வகுப்பறைக்கு என்ன இலக்கம்?

18.03.2025, செவ்வாய்

கொழும்பு. நேற்றுக் காலை சுன்னாகத்தில் புகைவண்டி ஏறினோம். இவர்கள் இருவரும் யன்னலோரத்தில் எதிரெதிரே இருந்து, எத்தனை கிலோ மிளகாய்த்தூள் கொண்டுபோகலாம் என்பது பற்றி வவுனியாவரை கதைத்தார்கள். நான் எதிர்க்கருத்துச் சொல்லவும் இடம் இருக்கவில்லை. கருத்தே கேட்கப்படவில்லை.

சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். குளிர்ந்த தகட்டில் நெஞ்சை ஒட்டி நின்றேன். "மூச்சை உள்ளே இழுங்கோ. பிடியுங்கோ. விடாதேங்கோ."

படம் எடுக்கும் பெண் வேறு அறைக்குப் போய்விட்டாள். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

02.04.2025, புதன்

கனடாவிலிருந்து கடிதம். எழுதியவர் பெயர் போடாத, மரியாதையான, இரக்கமற்ற கடிதம். நன்றாக வரையப்பட்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

எங்கள் விவாகச் சான்றிதழில் 21.02.1994 என்று இருக்கிறது. தனுசியா தன் பக்கப் பத்திரங்களில் 27.01.1995 என்று எழுதியிருக்கிறாள். நடந்தது ஒரு திருமணமா, இரண்டா? ஒன்றாயின் இரு திகதிகளுக்கும் இடையில் பதினொரு மாத இடைவெளி எதனால்? கணவனும் மனைவியும் இணைந்து கையொப்பமிட்ட விளக்கம் ஒன்றும், அக்காலத்துக்குரிய எழுத்துமூல ஆதாரம் ஏதேனுமிருப்பின் அதுவும், முப்பது நாட்களுக்குள்.

தனுசியாவைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"எனக்கென்னப்பா தெரியும்? ஜனவரி இருபத்தேழுதான் கலியாண நாள் எண்டு நீங்கள்தானே வருசா வருசம் கேக் வெட்டினனீங்கள். விறாந்தையிலை படம் தொங்குது, கீழை திகதியோடை!"

"விவாகப் பத்திரத்தைப் பார்த்து நிரப்பியிருக்கவேணும்."

"கலியாண நாளைப் பத்திரம் பாத்தே அப்பா எழுதுறது?"

என் முப்பத்திரண்டு வருட அரச சேவையில் எத்தனை எழுதுவினைஞர்களுக்கு விளக்கம் கோரிக் கடிதம் அனுப்பியிருப்பேன்? நூற்றுக்குக் குறையாது. எனக்கு ஒன்று வருவது இதுவே முதற்தடவை.

03.04.2025, வியாழன்

விளக்கத்தின் முதற்பகுதி எளிது. எங்கள் பகுதியில் பதிவு முதலில், தாலி பின்னர். பதிவை எழுத்து என்போம். எழுத்து முடிந்தாலும் தாலி ஏறும்வரை பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள். சட்டம் முதல்நாளிலிருந்து அவளை மனைவியாக எண்ணும். ஊர் இரண்டாம் நாளிலிருந்து எண்ணும். ஆகவே திருமணம் ஒன்றே.

இதுவரை நன்று. இரண்டாவது பந்தி: "சில காரணங்களால் தாலிகட்டு பிற்போடப்பட்டது."

என் மேசைக்கு இப்படியொரு வசனம் வந்திருந்தால், "எக்காரணங்கள்?" என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

05.04.2025, சனி

திருநெல்வேலிக்குப் போனேன். பலாலி வீதியில் போட்டோப்பிரதிக் கடை ஒன்றின் மேல்மாடியில் றமேஸ் என்பவன் வெளிநாட்டு விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கிறான். வினுசாவின் சிநேகிதி சொல்லிவிட்ட இடம்.

"சேர், இது சின்ன விசயம். பொம்பிளையின்ரை சாதகத்திலை வியாழன் பலம் காணாது, ஒரு வருசம் பொறுக்கச் சொல்லிச் சாத்திரியார் சொன்னவர் எண்டு அடிச்சு விடுவம். வெள்ளைக்காரனுக்குச் சாத்திரம் எண்டால் நல்ல விருப்பம்."

"எழுத்துமூல ஆதாரம் கேட்கிறார்கள்."

"பழைய கொப்பி ஒண்டிலை எழுதுவிச்சுத் தாறன். மஞ்சளும் பூசித் தருவன்."

சிரித்தபோது தெரிந்த அவனுடைய பல்லைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இந்தத் தேசத்தின் நிர்வாகம் ஏன் இப்படிப் போயிற்று என்பதற்கு அந்தப் பல்லே போதும். ஆயினும் வியாழன் பற்றிய யோசனையைக் குறித்துக்கொண்டு வந்தேன். கொப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதில் எனக்கு ஓர் ஒழுக்கம் இருப்பதாக வீதியில் நடந்து வரும்போது நினைத்தேன்.

06.04.2025, ஞாயிறு

வரைவு ஒரு பக்கம். பாலேஸ்வரி குசினியில் முருங்கையிலை உருவிக்கொண்டு இருந்தாள். கையைத் துடைத்து, கண்ணாடியை மாட்டி, முழுவதையும் வாசித்தாள்.

"இஞ்சருங்கோ, இதிலை வியாழன் எண்டு கிடக்கு."

"ஓம்."

"வியாழன் என்ன செய்தவர், பாவம்?"

அவள் தாளை என்னிடம் திருப்பி நீட்டினாள்.

"நான் உதுக்குக் கையெழுத்து வைக்கமாட்டன்."

"வைக்காவிட்டால் நீரும் பிள்ளையும் போகமுடியாது. விளங்குதோ?"

"போகேலாட்டில் இருப்பம்" என்றாள். மீண்டும் இலையை உருவத் தொடங்கினாள்.

முப்பது வருடங்களாக நான் நீட்டிய எந்தப் பத்திரத்திலும் வாசிக்காமலே கையொப்பமிட்டவள். இன்று கண்ணாடி மாட்டுகிறாள்.

09.04.2025, புதன்

வினுசா என்னுடன் கதைப்பதில்லை. இந்த விண்ணப்பம் விழுந்தால் அவளை இனி ஒருபோதும் சேர்க்கமுடியாது. மறுபடி விண்ணப்பிப்பதற்குள் வயதெல்லை கடந்துவிடும். அதை அவள் எனக்குச் சொல்லவில்லை. தொலைபேசியில் தமக்கைக்குச் சொன்னதை, சுவருக்கு இந்தப்பக்கம் இருந்து கேட்டேன்.

விழட்டும் என்று ஒருகணம் நினைத்தேன். நினைத்ததை எழுதிவைக்கிறேன். விழுந்தால் எல்லோரும் இங்கேயே இருப்போம். என்மேல் குற்றமும் இராது, கையொப்பமிட மறுத்தவள் பாலேஸ்வரியே. எவ்வளவு சுத்தமான தீர்வு!

இரவுச் சாப்பாடு மேசையில் மூடிவைத்திருந்தது. ஒருவருடைய சாப்பாட்டுக் கோப்பை மட்டும்.

12.04.2025, சனி

இரண்டாவது வரைவு. சீதன வீடு முற்றுப்பெறாத காரணத்தால் எனது தாயார் தாலிகட்டைப் பிற்போடும்படி வற்புறுத்தினார் என்று எழுதினேன். அம்மா இறந்து பதினான்கு வருடங்கள். ஊரும் உறவும் அறிந்த காரணம் இதுவே. நானும் எப்போதும் இதையே சொல்லி வந்திருக்கிறேன்.

பாலேஸ்வரி வாசித்தாள். இந்தத் தடவை நின்றபடி.

"மாமி செத்தும் போனா. அவவும் வியாழனும் உங்களுக்கு ஒண்டுதானோ?"

"அப்படியானால் நீர் சொல்லும், என்ன எழுதவேண்டும் என்று!"

அவள் அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்தாள். வீட்டு உறுதிப் பத்திரம் இருக்கும் பிளாஸ்ரிக் உறையைக் கொண்டுவந்து, உறுதிக்குப் பின்னாலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். பழுப்பேறிய தாள். என் கையெழுத்து. அன்றும் இன்றும் மாறாத, சாய்வில்லாத கையெழுத்து.

"என்ரை அப்பு உறுதியோடை சேத்து வைச்சிருந்தவர். அவர் செத்து எட்டுச் செலவு முடிஞ்சு பெட்டி ஒதுக்கேக்கை எடுத்தனான். அவையள் எழுத்திலை ஆதாரம் கேக்கினம் எண்டியள். இந்தாங்கோ ஆதாரம்."

இருபத்தொரு வருடங்கள் அந்த உறைக்குள் இருந்திருக்கிறது. எத்தனை தடவை அந்த அலுமாரியை நான் திறந்திருப்பேன்?

13.04.2025, ஞாயிறு

அந்தக் கடிதத்தை இங்கே பிரதி செய்கிறேன்.

"09.03.1994. மதிப்புக்குரிய மாமா அவர்கட்கு, தங்கள் மகளுக்கு வழங்குவதாக உடன்பட்ட வீட்டின் வேலைகள் தொடர்பாக: (அ) கூரை ஓடு வேய்ந்து முடிக்கப்படல் வேண்டும். (ஆ) சுவர்கள் உள்ளும் புறமும் பூசப்படல் வேண்டும். (இ) மலசலகூடம் அமைக்கப்படல் வேண்டும். (ஈ) உறுதி முடிக்கப்படல் வேண்டும். இவை நிறைவேறும்வரை தாலிகட்டுக்கு நாள் வைப்பது உசிதமல்ல எனக் கருதுகிறேன். இது தொடர்பில் என் தாயாரை அணுகவேண்டியதில்லை."

கடைசி வசனம் வரைக்கும் நானே.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பட்டதாரி, புதிய நியமனம். யாழ்ப்பாணத்துக்குள் ஒரு மூடை சீமெந்து வரமுடியாத தடைக்காலம். மாமா, அதாவது சீவரத்தினத்தார், இரண்டு தடவை சைக்கிளில் என் அலுவலகத்துக்கு வந்தார். வெங்காயத் தோட்டத்திலிருந்து நேரே வந்தவர், காலில் செம்மண்.

"தம்பி, சீமெந்து இல்லை. சுண்ணாம்பும் மண்ணும் குழைச்சுப் பூசித் தாறன். ஓடு பழசாத்தான் எடுக்கலாம். பிள்ளை வீட்டிலை இருக்கிறாள், சனம் ஒருமாதிரிக் கதைக்குது. நாளை வைப்பம், வேலை பிறகு நடக்கட்டும்."

"மாமா, நான் எழுதினதுதான்" என்றேன். கதிரையில் இருக்கச் சொன்னேனா? அதுதான் ஞாபகம் வருகுதில்லை. கதிரை இருந்தது. நான் இருக்கச் சொல்லேல்லை எண்டுதான் நினைக்கிறன். நான் படிச்ச மனிசன். கதிரை பக்கத்திலை கிடந்தது. ஒரு சொல்லு.

அவர் சுண்ணாம்புக்கல் உடைத்து, சூளைக்குக் கொடுத்து, தானே பூசினார். பதினொரு மாதத்தில் நான்கு நிபந்தனைகளும் நிறைவேறின. தாலிகட்டி ஒன்பது மாதத்தில் ஊரோடு இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தபோது கூரையில் பாதி இல்லை. சுவர் மட்டும் நின்றது. இன்றும் இந்தச் சுவரோடு முதுகைச் சாய்த்துத்தான் எழுதுகிறேன்.

14.04.2025, திங்கள்

வருடப்பிறப்பு. மருத்துநீர் வைத்து முழுகினோம். கைவிசேடக் காசு கொடுத்தேன், இருவரும் வாங்கிக்கொண்டார்கள். கடிதத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

17.04.2025, வியாழன்

பின்னேரம் பாலேஸ்வரி தானாகவே சொன்னாள். நான் பத்திரிகை வாசித்துக்கொண்டு இருந்தேன். அவள் உடுப்பு மடித்துக்கொண்டு இருந்தாள்.

"பதினொரு மாசம் கோயிலுக்குப் போகேல்லை. கிணத்தடிக்குப் போனால், 'என்னடி பிள்ளை, எழுதிப்போட்டு விட்டிட்டுப் போட்டானோ?' எண்டு கேப்பினம். அப்பு சுண்ணாம்பிலை கை வெந்து, சோத்தைக் கரண்டியாலை சாப்பிட்டவர். அம்மா தீத்திவிடப் போனால் ஏசுவார். மாமிதான் தடுக்கிறா எண்டு நானும் நினைச்சு அவவைத் திட்டிக்கொண்டு திரிஞ்சனான். அந்த மனிசி என்னை ஒரு சொல்லுச் சொன்னதில்லை."

"அந்தக் கடிதத்தை எடுத்த அன்றே நீர் கேட்டிருக்கலாம்."

"கேட்டால் என்ன சொல்லியிருப்பியள்?"

யோசித்தேன். அவள் ஒரு சாறத்தை மடித்து முடித்து அடுத்ததை எடுத்தாள்.

"மன்னிப்புக் கேக்கச் சொல்லி நான் கேக்கேல்லை" என்றாள். "எங்கையாவது ஒரு இடத்திலை உள்ளபடி எழுதிக் கிடக்கவேணும். அது கனடாக்காரன்ரை பைலிலை எண்டாலும் பரவாயில்லை."

இரவு வருமுன்பே எழுதி முடித்துவிட்டேன். மூன்று வசனங்கள். வீட்டு வேலை முடியும்வரை தாலிகட்ட மறுத்தவன் நான். என் தாயார் அதற்குப் பொறுப்பல்லர். ஆதாரமாக என் கடிதத்தை இணைத்துள்ளேன்.

அவள் கண்ணாடி மாட்டி வாசித்தாள். "சரி" என்றாள். கையொப்பமிட்டாள்.

21.04.2025, திங்கள்

பழைய கடிதத்தை ஆங்கிலத்தில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரே பெயர்க்கவேண்டும். சுன்னாகத்தில் இருப்பவர் பார்த்தீபன். எங்கள் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். ஒரே மாதத்தில் ஒன்பது நாள் பிந்தி வந்ததற்கு நான் விளக்கம் கோரிய மறுவருடம் விலகிப்போனவர். தாயாருக்குச் சுகமில்லை என்று அப்போது எழுதியிருந்தார். நான் மருத்துவச் சான்றிதழ் கேட்டேன்.

என்னைக் கண்டதும் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டார். "இருங்கோ சேர்."

இருந்தேன். அவர் முதலிலிருந்து கடைசிவரை மெதுவாக வாசித்தார். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபம் என்று அப்போது தெரியவில்லை, இப்போதும் நிச்சயமில்லை.

"மலசலகூடத்தையும் போடுறதோ சேர்?"

"உள்ளபடி."

"ஓம்." இன்னொருமுறை தாளைப் பார்த்தார். "நல்லா எழுதியிருக்கிறியள், சேர். அப்பவே."

அவர் நக்கலடிக்கவில்லை என்றே நினைக்கிறேன். நக்கலடித்திருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

25.04.2025, வெள்ளி

அனுப்பியாயிற்று.

19.06.2025, வியாழன்

கடவுச்சீட்டுகளை அனுப்பும்படி அறிவித்தல் வந்திருக்கிறது. வினுசா தொலைபேசியைப் பிடித்தபடி முற்றத்தில் கத்தினாள். அடுத்த வீட்டுப் பூரணம் அக்கா என்னவோ ஏதோ என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பாலேஸ்வரி சாமியறைக்குள் போனாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள்.

இரண்டு கடவுச்சீட்டுகள்.

யாராவது என்னிடம் ஏதாவது சொல்வார்கள் என்று விறாந்தையில் இருந்தேன். என்ன சொல்லவேண்டும் என்று நான் எதிர்பார்த்தேன்? நான் கேட்டது எதுவோ அதுவே நடந்திருக்கிறது.

07.07.2025, திங்கள்

உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனோம். பாலேஸ்வரி வீட்டை விற்கவில்லை. வினுசாவுக்கு நன்கொடையாக எழுதுகிறாள். எனக்கு ஆயுள் உரித்து. எங்கள் தேசவழமைச் சட்டப்படி மனைவி தன் காணியை எழுதுவதற்குக் கணவனின் சம்மதம் வேண்டும். நொத்தாரிசு அந்தப் பந்தியை உரத்து வாசித்துவிட்டுப் பேனையை என் பக்கம் நீட்டினார்.

இந்த ஆண்டில் முதற்தடவையாக ஒரு விடயம் என் கையில் இருந்தது. மறுக்கலாம். மறுத்து? கையொப்பமிட்டேன்.

முச்சக்கரவண்டியில் திரும்பும்போது பாலேஸ்வரி சொன்னாள்: "நீங்கள் இருக்குமட்டும் இருக்கலாம். ஒருத்தரும் எழுப்பேலாது. கூரை, பூச்சு, மலசலகூடம், உறுதி, எல்லாம் கிடக்கு."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சந்தை கடந்து, புகைவண்டிக் கடவையில் வண்டி நின்றது. சாரதிக்குக் கேட்காதபடி கேட்டேன்.

"நானும் வாறதெண்டால்?"

அவள் கடவைக்கு அப்பால் பார்த்துக்கொண்டு இருந்தாள். புகைவண்டி போய் முடிந்து, கடவை திறந்தது.

"அதுக்கும் ஒரு விண்ணப்பப் போம் இருக்குமாம். தனுசியா பிறகு பாக்கட்டும். அவசரமில்லைத்தானே? கொஞ்சம் இருங்கோ." பிறகு, "நானும் இருந்தனான்" என்றாள்.

20.08.2025, புதன்

பகல் ஒரு மணிக்கு வான் வந்தது. பெட்டிகளை நானே நிறுத்தேன். ஒவ்வொன்றும் இருபத்துமூன்று கிலோவுக்குள். வினுசாவின் பெட்டியிலிருந்து ஒரு போத்தல் ஊறுகாயை வெளியே எடுக்கவேண்டி வந்தது. "அதை நீங்கள் சாப்பிடுங்கோ அப்பா" என்று சொல்லிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். அவள் பிறந்ததிலிருந்து இதுவே முதற்தடவை என்று நினைக்கிறேன். நான் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

பாலேஸ்வரி வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். பின்பக்கச் சுவரில், மழை பட்டுப் பூச்சு விட்ட இடத்தில், உள்ளங்கையை வைத்து எடுத்தாள். கையில் ஒட்டிய வெள்ளையைத் தட்டவில்லை. அப்படியே வானில் ஏறினாள்.

"போய்ச் சேர்ந்ததும் போன் எடும்" என்றேன்.

"ஓம். வாறன்" என்றாள். போகிறவர்கள் எல்லோரும் சொல்லும் வழமையான சொல்.

16.09.2025, செவ்வாய்

தனுசியாவிடம் அந்தப் படிவத்தைப் பற்றி இன்று மூன்றாவது தடவை கேட்டேன். "அம்மாட்டைக் கேளுங்கோ அப்பா" என்றாள். பாலேஸ்வரி குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டு இருந்தாளாம்.

பத்து மணியளவில் மின்மானி வாசிக்க ஒருவர் வந்தார். புதியவர். இலக்கத்தைக் குறித்து, மின்கட்டணப் பட்டியலைக் கிழித்து, பெயரைப் பார்த்தார்.

"சீவரத்தினம் ஆர் ஐயா? நீங்களோ?"

"இல்லை. அவர் இறந்துவிட்டார். வீடு கட்டியவர்."

"அப்ப நீங்கள் வீட்டுக்காரரோ?"

பட்டியலை வாங்கினேன். வெயில் நல்லாய் ஏறியிருந்தது. அவருடைய சட்டை முதுகு முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது.

"இல்லைத் தம்பி" என்றேன். "நான் இஞ்சை நிக்கிறன்." விறாந்தைக் கதிரையை இழுத்து அவர் பக்கமாக வைத்தேன். "இரும். தண்ணி கொண்டுவாறன்."